இன்னொருத்தி கைச் சோறு

போன் திரையில் ஆஞ்சலா வாயைத் திறந்தாள். ஜெர்மன்காரி கத்ரீன் தயிர்ச்சோற்றை உருட்டி அந்த வாய்க்குள் வைத்தாள்.

இங்கே ஜீவனஹள்ளியில் பெர்னதெத்துக்கு வயிறு எரிந்தது.

ஆறாம் வகுப்புக்கு வந்தும் அம்மா ஊட்டினால்தான் சோறு இறங்கும் என்கிற பெண் ஆஞ்சலா. கண்காணாத தேசத்தில் மூன்று வாரம் பட்டினி கிடப்பாளே என்று ஏர்போர்ட்டில் பெர்னதெத் அழுத அழுகை கொஞ்சமல்ல. போய் எட்டு நாள்தான் ஆகிறது.

“நான்தான் ஆன்ட்டிக்கு ஊட்டச் சொல்லிக் குடுத்தேன் மம்மி. உன்ன மாதிரியே ஊட்டுறாங்க.”

உன்னை மாதிரியேவாம். அவள் பிசைகிற அழகு சுவருக்குச் சிமெண்ட் பூசுகிற மாதிரி இருந்தது. உள்ளங்கையெல்லாம் சோறு. அதையும் இந்தக் கழுதை சப்புக்கொட்டித் தின்கிறது.

இதற்கு மகள் பட்டினி கிடந்திருந்தாலே தேவலை என்று பெர்னதெத் ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்படவும் செய்தாள். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

பெர்னதெத்துக்குப் பின்னால் லேனா வந்து நின்றாள். கத்ரீனின் மகள். இரண்டு பள்ளிக்கூடங்களும் பேசிவைத்த ஏற்பாடு இது. இவள் பெண் அங்கே, அவள் பெண் இங்கே.

வந்த நாளிலிருந்து லேனாவுக்கு பிரெட்டும் ஜாமும்தான். மணி நாலாகியும் அவள் தட்டுச் சோறு மேஜையில் அப்படியே கிடந்தது. தின்றால் தின்னட்டும் என்று பெர்னதெத்தும் விட்டிருந்தாள்.

லேனா திரையில் தன் அம்மாவின் கையையே பார்த்தாள். எனக்கு ஒருநாளும் இப்படிக் கொடுத்ததில்லை என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெல்லச் சொன்னாள்.

பெர்னதெத் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தாள். கையைக் கழுவி வந்து தட்டை இழுத்தாள். தயிர் விட்டுப் பிசைந்து உருட்டினாள்.

“வாம்மா, ஒரு வாய் வாங்கிக்கோ.”

லேனா வாங்கிக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள்.

திரையில் கத்ரீனின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. ஆஞ்சலா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். கத்ரீன் அவளைப் பார்க்கவே இல்லை.

அந்த முகத்தில் இருப்பது என்ன என்று பெர்னதெத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்தாள்.