செம்மண்டலத்துக்குப் போன பெட்டி

மூன்று நாளாக அளவுகள் இவ்வளவு சுத்தமாக வருவதுதான் இளவரசிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

சிதம்பரத்து ஆய்வகத்தில், கடுங்குளிர்க் கலனுக்குள் ஒரு சிப்பும் உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டியும் இருக்கின்றன. நடுவில் இருக்கும் கப்ளர், திறந்து மூடும் கதவு மாதிரி. கதவைத் திறந்து சிப்பிலிருந்து பெட்டிக்குள் துடிப்புகளை அனுப்புவாள், மூடுவாள். மறுபடி திறந்தால் அவை திரும்பி வரும். வழியில் ஒன்றிரண்டாவது தொலைய வேண்டும். ஆறு அனுப்பினால் ஆறும் வந்தன.

காலை பத்தரைக்கு ஜெயசீலன் போன் செய்தான். ஆய்வக உதவியாளன்; கலனை மூடிவிட்டுக் கடலூர்ச் செம்மண்டலத்தில் இருக்கும் வீட்டுக்கு லீவில் போனவன்.

“அக்கா, திட்டாதீங்க. வெள்ளிக்கெழம தொடச்ச பெட்டிய உள்ள மாட்டவே இல்ல. எம் பையிலயே செம்மண்டலத்துக்கு எடுத்தாந்துட்டேன்.”

திரையில் அப்போதுதான், துடிப்புக்கு ஒன்றாக, ஆறு கோடுகள் திரும்பி வந்திருந்தன.

“நல்லா பாருடா. அதே பெட்டிதானா?”

“அதேதான்க்கா. ஆனா இந்த வெயில்ல ஐஸ் மாதிரி இருக்குது. பையெல்லாம் ஈரம்.”

“தொடாத!”

“தொட்டுட்டேன்க்கா. வெரல் ஒட்டிக்கிச்சு. இழுத்தா வர மாட்டேங்குது.”

பதறிப்போய் இளவரசி கப்ளரை மூடினாள். போனில் பேச்சு நின்றது.

திரையில் ஆறு கோடுகளுக்குப் பக்கத்தில், அவள் அனுப்பாத ஏழாவது கோடு ஒன்று எழுந்து துடித்தது. எண்ணினாள். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. பிறகு தொண்ணூறு. பிறகு நூற்றிருபது.