நாலாவது பாட்டு

திருகோணமலைத் துறைமுக வீதியில் லதீசனின் புளூஸ் கிற்றாருக்கு இருந்தது ஒரேயொரு ரசிகைதான், தேத்தண்ணிக் கடை மைமூனா. கொழும்பின் பேர்போன அரங்கில் அவன் வாசித்துப் பதிவான லைவ் அல்பம் அவளுடைய கடையில் தினமும் ஒலித்தது. அதிலும் நாலாவது பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவாள்.

அந்தப் பாட்டில்தான் முன்வரிசையில் எவனோ விடாமல் இருமித் தொலைத்திருந்தான். லதீசனுக்குக் கூச்சமாக இருந்தது. ஸ்டூடியோக்காரரைக் கெஞ்சி இருமலை எடுப்பித்து, புதுப் பதிவோடு கடைக்குப் போனான்.

“மைமூனாக்கா, இப்பக் கேளுங்கோ. சுத்தமா இருக்கு.”

அவள் போனைக் காதோடு வைத்து, முடியும்வரை கேட்டாள்.

“இருமல் எங்க தம்பி?”

“அறவே எடுத்தாச்சு அக்கா!”

“அது என்ட மனிசன்ட இருமல். நம்மட ஊர்ப் பொடியன் வாசிக்கிறான் எண்டு கொழும்புக்குப் போய்க் கேட்டவர். பிறகு மௌத்தாகிட்டார். அவர்ட சத்தம் எண்டு எனக்கிட்ட இருந்தது இது மட்டும்தான்.”

லதீசன் தலை குனிந்தான். “பழையது அப்படியே இருக்கு அக்கா. அழிக்கேல்ல.”

மைமூனா அவனுக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தாள்.

“இருமலை எடுக்க ஏலுமெண்டா, கிற்றாரையும் எடுக்க ஏலும்தானே தம்பி?”