கார் வைத்திருப்பவன்

"கார் வெச்சிருக்கிற மகராசன் நீங்க. எங்களுக்கு பஸ்ஸே கதி," என்றபடி நிராஜனின் காரில் ஏறினாள் ரோஜினா.

அமெரிக்காவில், ஒஹாயோவின் அந்தக் கல்லூரிக்கு நேபாளத்திலிருந்து வந்தவர்களில் நிராஜனிடம் மட்டும்தான் கார் இருந்தது. பழைய கார்தான். அரிசி மூட்டை ஏற்றவும் விமான நிலையம் போகவும் எல்லோரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"நூலகம் திறக்கும்போதே வந்து நிக்கிறீங்களாமே. தூங்கவே மாட்டீங்களா அண்ணா?"

"படிக்கணுமே."

"ஒரு நாளாவது வீட்டுக்குக் கூப்பிட்டு மோமோ போட்டிருக்கீங்களா? சரியான கஞ்சம்."

"வீடு ரொம்ப தூரம்மா."

"எங்க வீட்டுல ஒரு ரூம் காலியாச்சு. வாடகை கம்மிதான். எங்களோட இருக்கிற பிக்ரம் முதல்ல உங்க பேரைத்தான் சொன்னான்."

நிராஜன் அவள் பக்கம் திரும்பினான். "அப்புறம்?"

"நான்தான் வேண்டாம்னேன். கார் வாங்கினவர் நம்ம ஓட்டை வீட்டுக்கு வருவாரா, கேட்டா நமக்குத்தான் அசிங்கம்னு. நேத்து வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டோம்."

அவன் வைப்பரை வேகமாக ஓடவிட்டான்.

தன் வீட்டு வாசலில் இறங்கியவள், "பனி கொட்டுது, பத்திரமா போங்க அண்ணா," என்று கையசைத்தாள்.

நிராஜன் ஒரு பெரிய கடையின் பின்புறம் போய் காரை நிறுத்தினான். கல்லூரிக் கட்டணம் கட்டியபின் வாடகைக்கு வழியில்லாமல் அறையைக் காலி செய்த நாளிலிருந்து, அவன் இரவில் தங்குவது இங்கேதான். பின் சீட்டை மடக்கி, டிக்கியிலிருந்து தலையணையை எடுத்துப் போட்டான்.