மலையைக் காணோம்

வேலுத்தாய் வாசலுக்கு வந்து பார்த்தாள். மேற்கே மலையைக் காணோம்! நேற்றுவரை அது வானத்தை மறித்து நின்ற இடத்தில், தொலைவில் கடல் பளபளத்தது. கடலிலிருந்து கிளம்பும் மேகமெல்லாம் மலையில் முட்டி, அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். இந்த ஊருக்கு மிஞ்சுவது வெறுங்காற்றுதான். இன்றைக்கு மேகங்களைத் தடுக்க ஒன்றுமில்லை. கன்னங்கரேலென்று நேராக ஊருக்குள் வந்தன.

“ஏ மதினி, மழை வருது! அண்டா குண்டாவையெல்லாம் தூக்கிட்டு வாங்க!” பக்கத்து வீட்டுப் பூமயில் தெருவில் நின்று கூத்தாடினாள்.

முதல் துளிகள் சுவரில் விழுந்து குழித்தன. வேலுத்தாய் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. மழையே பார்க்காத ஊரில் செங்கல்லை எவன் சூளையில் சுடுவான்? அத்தனை வீடும் வெயிலில் காய்ந்த பச்சை மண்கல்.

உள்ளே, கால் முறிந்து கட்டுப்போட்டுக் கிடந்தான் அவள் புருஷன் மூக்காண்டி.

காற்றில் சாத்திக்கொண்ட கதவை ஓடிவந்து தள்ளினாள். நிலை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கதவு அசையவில்லை.

“ஏங்க! ஜன்னல் பக்கமா தவழ்ந்து வாங்க! வீடு கரையுது!”

ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. பாய்ந்து பற்றினாள். அது அவளை உதறிவிட்டு, உள்ளங்கையைக் குவித்து மழைக்கு நீட்டியது.

“அட, விடுட்டி. எம்புட்டுக் குளுமையா இருக்கு!” உள்ளே மூக்காண்டி சிரித்தான்.

அந்தக் கைக்கு மேலே சுவர், சத்தமே இல்லாமல், வளையத் தொடங்கியது.