ஸ்பிரிட் பஞ்சு

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சொல்லி, உரிமத்தை முடக்கும் முன் விளக்கம் கேட்டிருந்தார்கள். தேவநேசன் ஒரே வரிதான் எழுதியிருந்தான்: நான் குடிப்பதில்லை. உரிமம் போனால் பள்ளி வேன் கைவிட்டுப் போகும். மனைவி ஜெசிந்தா இறந்த இந்த ஏழு மாதத்தில் அவன் காதில் விழுந்த சிரிப்பெல்லாம் அந்த வேன் பிள்ளைகளுடையதுதான்.

“ஊதுற கருவி பொய் சொல்லாதும்மா. முப்பதைத் தாண்டினாலே குத்தம். நாப்பத்தெட்டு காட்டுச்சு,” என்றார், அவனைப் பிடித்து இன்று விசாரணைக்கும் வந்திருந்த ஏட்டு பரமானந்தம்.

“அன்னைக்கு எப்படிச் சோதிச்சீங்களோ, அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க,” என்றார் போக்குவரத்து அதிகாரி சுலோசனா.

ஏட்டு சுத்தக்காரர். ஒருவர் எச்சில் இன்னொருவருக்கு ஆகாது என்பதில் கறார். பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, பஞ்சை நனைத்து, கருவியில் ஊதும் குழலை உள்ளும் புறமும் துடைத்துப் பணிவாக நீட்டினார். அதிகாரி ஊதினார். கருவி கீச்சிட்டது. ஐம்பத்தொன்று.

“மேடம், நீங்க காலையிலேயே...” என்று இழுத்தார் ஏட்டு.

“நான் தயிர்சாதம்தான்யா சாப்பிட்டேன். அந்தப் பஞ்சை மோந்து பாரும்.”

அறையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது தன்னுடையது என்று புரிய தேவநேசனுக்குச் சற்று நேரமாயிற்று. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியக் குலுங்கினான். அதிகாரியும் சிரித்தபடி உரிமத்தை அவன் பக்கம் தள்ளினார்.

ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. குழலை இன்னொரு முறை நன்றாகத் துடைத்து, தேவநேசனின் வாயருகே கொண்டுவந்தார்.

“இவ்வளவு சிரிப்பு சும்மா வராது தம்பி. ஊது.”