சுவரை இடித்த லாரியின் நம்பர்

லாரி முதலாளி பச்சியப்பனின் புதுச் சுவரை வேறு யாருடைய லாரியோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொப்பூர் கணவாய்க்குக் கீழே, ரோட்டோரம். பட்டப்பகல். ஊரே பார்த்திருக்கிறது. ஒருத்தருக்கும் நம்பர் முழுசாகத் தெரியவில்லை.

ஏட்டு சென்னப்பனுக்குக் கோபம் வந்தது. நாலு எண்ணைப் பார்த்துச் சொல்ல இந்த ஊரில் ஆளில்லையா?

டீக்கடை ராயம்மாள், முதல் எண் நாலு என்றாள். பஞ்சர் கடை சவரிமுத்து, இரண்டாவது ஒன்றோ ஏழோ என்றான். மூன்றாவதை யாருமே பார்க்கவில்லை. பச்சியப்பனின் மனைவி மாதம்மாள் தலை குனிந்தபடி, கடைசி எண் மூன்று, இல்லாவிட்டால் எட்டு என்றாள்.

சென்னப்பன் விடவில்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதி வரிசையாக ஒட்டினார். நாலு. அடுத்து ஒன்று அல்லது ஏழு. அடுத்து எது வேண்டுமானாலும். கடைசியில் மூன்று அல்லது எட்டு. தனித்தனியாக இருந்தால் குப்பை, கோத்துப் பார்த்தால் சாட்சி என்று ஸ்டேஷனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு செக்போஸ்ட் நோட்டில் அன்றைய பக்கத்தைத் தேடினார். அறுபத்திரண்டு லாரிகள். பொருந்தியது ஒன்றே ஒன்று. 4758.

மறுநாளே வண்டி பிடிபட்டது. டிரைவர் மாதேஸ்வரன், தான் எந்தச் சுவரையும் தொடவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவனை உள்ளே தள்ளச் சொல்லிப் பச்சியப்பன் மேசையைத் தட்டினார்.

செய்தி கேட்டு ஓடிவந்த ராயம்மாள், ஏட்டை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"அந்த ஆளை வுட்டுடுங்க ஏட்டய்யா. இடிச்சது அவரு இல்லீங்க. நாங்க ஆளுக்கு ஒரு எண்ணைத் தப்பாச் சொன்னோம். அதையெல்லாம் சேத்தா நெசமாவே ஒரு வண்டி வந்து நிக்கும்னு யாருக்குங்க தெரியும்?"

சென்னப்பனுக்கு முகம் சிவந்தது. "போலீஸ்ல பொய் சாட்சியா? எதுக்கு?"

ராயம்மாள் ஸ்டேஷன் வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். சொன்ன பேச்சைக் கேட்காமல் கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்று பச்சியப்பன் தள்ளிவைத்த மகள், ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாள். இப்போது மாசமாக இருக்கிறாள்.

"மத்தியானம் அவரு தூங்கறப்ப மாதம்மா பொண்ணுக்குக் களி எடுத்துக்கிட்டுப் போவுமுங்க. அன்னைக்கு அவசரத்துல குறுக்கே வந்துடுச்சு. அதும்மேல ஏத்தாம இருக்கத்தான் லாரிக்காரரு செவுத்துல வுட்டாருங்க. வண்டியைப் புடிச்சா இதெல்லாம் வெளிய வந்துடுமே."

சென்னப்பன் உள்ளே போனார். பேனாவைத் திறந்து, ஒட்டிய சீட்டுகளில் ஒவ்வொன்றாக எழுதினார். மாதேஸ்வரனைப் போகச் சொன்னார்.

பச்சியப்பன் துள்ளி எழுந்தார்.

"புது சாட்சி கெடச்சிருக்குங்க," என்றார் ஏட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல். "மொத எண்ணு நாலு, இல்லன்னா வேற ஏதாவது. ரெண்டாவது ஒண்ணு, ஏழு, இல்லன்னா வேற ஏதாவது. மூணாவதும் கடைசியும் அப்படியேங்க. நோட்டுல இருக்கற அறுபத்திரண்டு லாரியும் பொருந்துது. எல்லாத்தையும் புடிச்சு உள்ள போட்டுடலாம். அதுல ரெண்டு உங்களுதுங்க."