நீரூற்று வரும் இடம்

"ஒரு நகரத்த அழகாக்கணும்னா கொஞ்சம் கல்நெஞ்சு வேணும்," என்று அறிவித்துவிட்டு, மலைச்சரிவில் மிச்சமிருந்த தகரக்கூரை வீடுகளை ஒரே இழுப்பில் தரைமட்டமாக்கினான் ஹெர்சன். ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

குரைக்காது. எல்லாம் கணினிக்குள் நடந்தது. கட்டடக்கலை முதலாண்டு மாணவனான ஹெர்சன், நகரம் கட்டும் விளையாட்டில் புலி. பெரு நாட்டின் லீமா மாநகரத்தைச் சில மாதம் தன் கையில் ஒப்படைத்தால் பாரிஸ்காரன் கப்பல் ஏறி வந்து பாடம் படித்துவிட்டுப் போவான் என்பது அவன் கருத்து. யாரும் ஒப்படைக்கவில்லை என்பதுதான் ஒரே குறை.

அவன் அம்மா தோமித்திலா, படுக்கைக்கு அடியிலிருந்து தேசியக் கொடியை எடுத்து உதறினாள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு. நடுவில் எலி கடித்த ஓட்டை.

"இது எதுக்கும்மா இப்ப? சுதந்திர தினத்துக்கு இன்னும் நாள் கெடக்கு."

"வாசல்ல சிவப்புச் சாயத்துல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிருக்கானுங்கல்ல. இடிக்க வர்றப்ப கூரையில கொடி இருக்கணும்டா. உங்கப்பா நாலு நாணல் தட்டிய நட்டு இந்த எடத்தப் பிடிச்சப்ப, கொடிதான் காப்பாத்துச்சு. போலீசு குதிரையில வந்தான், பாத்தான், திரும்பிப் போயிட்டான்."

"அது குதிரை. இப்ப வர்றது பொக்லைன். கொடியப் பாத்ததும் சல்யூட் அடிக்குமாக்கும்?"

சொல்லிவிட்டு நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான். நகராட்சி இளைஞர் தினத்தில் அவனுடைய கணினி நகரத்துக்குக் கிடைத்த பரிசு அது. மண் தரையில் சக்கரம் உருளாது என்பதால் சுற்ற மட்டும்தான் முடியும்.

"ஓட்டு வாங்கினவன நம்பாம ஒரு முழத் துணிய நம்புற ஜனம், உலகத்துலயே நாமதான்."

"நம்பினதுல அந்தத் துணி ஒண்ணுதான்டா எங்கள ஏமாத்தல."

தோமித்திலா கொடியை மடியில் வைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள். "இது நம்ம மலை மாதிரி இருக்கே?"

"நம்ம மலையேதான். மேடு பள்ளமெல்லாம் அசலா இருக்கணும்ல."

"நம்ம வீடு எங்க?"

"அசலாவும் இருக்கணும், அழகாவும் இருக்கணும்னா எல்லாத்தயும் வைக்க முடியுமாம்மா?" என்றபடி ஊதாப்பூ மரம் ஒன்றை இம்மியளவு நகர்த்தி வைத்தான்.

அப்போது மேசையிலிருந்த அவித்த உருளைக்கிழங்குகள் தட்டோடு நடுங்கின.

வெளியே மூடுபனிக்குள் பொக்லைன் மூச்சுவாங்க மலையேறி வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் வண்டியில் வந்திறங்கிய பொறியாளர் நல்ல மனிதர். ஒவ்வொரு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இடித்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. சாமானெல்லாம் வெளிய எடுத்துருங்க." வண்டியின் முன்பக்கத்தில் ஒரு வண்ணப்படத்தை விரித்தார். "அகலமா ரோடு வருது. ரெண்டு பக்கமும் மரம். உங்க வீடு இருக்குற எடத்துல நீரூற்று."

"நீரூற்றா?" தோமித்திலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இங்க குடிக்கிற தண்ணியே லாரியில வருது. லாரி வராத நாள்ல மூஞ்சி கழுவின தண்ணியில பாத்திரம் கழுவுறோம். இதுல நீரூற்றா? எந்தக் கழுதை சார் இத வரைஞ்சது?"

"அது எனக்குத் தெரியாதும்மா. மேலேருந்து வந்துச்சு. அங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."

ஹெர்சன் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் படத்தைப் பார்த்தான். சாலையின் இரண்டு பக்கமும் அவனுடைய அதே ஊதாப்பூ மரங்கள்.

"சார், அந்த நீரூற்ற கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வச்சிரலாமே. ரோட்ட லேசா வளைச்சாப் போதும். ரெண்டு நிமிஷ வேலை சார்."

பொறியாளர் பரிவோடு அவன் முதுகில் தட்டினார். "தம்பி, இது என்ன விளையாட்டா?"

பக்கத்து வீட்டுச் சுவரைப் பொக்லைன் தொட்டது. சுவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சரிந்தது. அந்த வீட்டுக்காரர் எலியோ, அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தார். அவர் கூரையிலும் கொடி இருந்தது.

ஹெர்சன் திரும்பிப் பார்த்தபோது அம்மா ஏணியேறிக் கூரைக்குப் போயிருந்தாள். கம்பத்தைச் செருக இடமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று அவளையும் கொடியையும் சேர்த்து ஆட்டியது.

அவனும் ஏறினான். அந்தத் தகரம் இரண்டு பேரைத் தாங்குமா என்று கட்டடக்கலை மாணவன் கணக்குப் போடவில்லை. அம்மாவின் கையிலிருந்து கம்பத்தை வாங்கி, இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்தான். எலி கடித்த ஓட்டை வழியாகப் பொக்லைன் இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது.

"வரைஞ்ச அந்தக் கழுதை மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்றாள் அம்மா, இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹெர்சன் கம்பத்தை இறுக்கிக்கொண்டான்.

"பக்கத்துலதாம்மா நிக்குது, கொடியப் பிடிச்சுக்கிட்டு."